வேலூரில் உண்ட ஜப்பான் விருந்து

பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில் பிறந்து வளர்ந்து, அங்கேயே இருபது வருஷங்களாகப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்துவரும் ஒருவன், ஜப்பானியச் சாப்பாட்டைப் பற்றி எழுதத் துணிவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஜப்பானைக் கண்டதில்லை; காணும் யோக்கியதை என் பணப்பைக்கும் இல்லை. ஆயினும் சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, ஆம்பூரிலிருந்து வேலூர் வரையில் சுமார் ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் பிரயாணம் செய்து, ஒரு ஜப்பானியப் போஜன சாலையில் அமர்ந்து, ஆயிரத்து எண்ணூறு ரூபாயைச் செலுத்திவிட்டுப் பசியோடு எழுந்து வந்தேன். இந்தப் பாக்கியம் எல்லோருக்கும் கிட்டுவதில்லை.

விஷயத்துக்குக் காரணம் என் பழைய மாணவி ஒருத்தி. அவளுடைய தகப்பனார் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் சுண்ணாம்புத் தொட்டியருகே வேலை பார்த்தவர்; அவள் பத்தாம் வகுப்புப் படிக்கையில் காலமானார். தாயார் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பகுதியில் இருக்கிறாள். ஆம்பூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பொழுது விடிந்ததும் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். பத்து ஊர்களின் குடும்பபாரத்தை அந்தப் பஸ்கள் சுமந்துகொண்டு போகின்றன என்றே எனக்குத் தோன்றும். அப்படிச் சுமந்த ஒரு தாய், தன் மகளை நர்ஸ் படிப்புப் படிக்க வைத்தாள். மகள் அத்துடன் நிற்கவில்லை. சென்னையில் தங்கி ஜப்பானிய பாஷையைக் கற்று, அதில் நான்காம் படிப் பரீட்சையும் தேறி, வயோதிகர்களைப் பராமரிக்கும் வேலைக்காக ஜப்பானுக்குப் போகத் தயாராகிவிட்டாள். இவ்வாறு தேர்ச்சி பெற்றவர்களை அனுப்புவதற்கென்று 2021 ஜனவரியில் இந்திய, ஜப்பானிய சர்க்கார்கள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஐந்து வருஷம் வரையில் அங்கே இருக்கலாம். பாஷை வகுப்புக்கான பணம் மகளிர் குழுவில் வாங்கிய கடன்.

புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கையில் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஸார், பாஷை வந்துவிட்டது. வேலையும் தெரியும். சாப்பாடுதான் பயமாக இருக்கிறது. ஒரு தடவைகூடத் தின்று பார்த்ததில்லை. 'அங்கே போய்ப் பட்டினி கிடப்பதாயிருந்தால் போகவே வேண்டாம். கடனை நான் அடைத்துக்கொள்கிறேன்' என்கிறாள் அம்மா."

எனக்குத் தெரிந்த வரையில் அந்தத் தாயார் சொன்னதைச் செய்கிறவள். ஆகவே, "இவ்வளவுதானே! வேலூரில் ஜப்பான் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்திருக்கிறார்களாம். வரும் ஞாயிற்றுக்கிழமை போய் ருசி பார்த்துவிட்டு வருவோம்" என்று தைரியமாகச் சொன்னேன். பட்டம் பெற்ற மனிதனுக்குத் தெரியாத விஷயங்களில் வருகிற தைரியம் விசேஷமானது.

ஆம்பூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை பாலாற்றை அனுசரித்தே போகிறது. ஆறு என்று பெயரே தவிர, பெரும்பாலான மாதங்களில் மணலும் முட்செடியுந்தான். காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடித்தால் தோலின் வாடை வரும். வெளியூரார் கைக்குட்டையைத் தேடுவார்கள். எங்களுக்கு அது ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் இங்கே தோல் பதமாயிற்று. பிறகு குரோமிய உப்புகள் வந்தன, வேலை துரிதமாயிற்று, கிணற்று நீர் கெட்டது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்து, கெடுத்தவரே நஷ்டத்தைக் கொடுத்தாக வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டமாக உறுதிப்படுத்திற்று. 2025 ஜனவரியிலும் அதே கோர்ட் அதே பாலாற்றைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருந்தது என்றால், இடையிலுள்ள வருஷங்களைப் பற்றி நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மாதனூரும் பள்ளிகொண்டாவும் கடந்தன. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தாள். ஓட்டலில் பேச வேண்டிய வாக்கியங்களை அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் முகம் அன்று அவளுக்கு.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று அடுக்குவார்கள். இவற்றில் கடைசிக் குறை 1981-இல் தீர்ந்தது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் மறுபடியும் எழுந்தருளினார். பஸ் கோட்டையருகே சென்றபோது என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. "1806 ஜூலை 10-ஆம் தேதி இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்களே, எதனால்?" என்று கேட்டேன். "புதுத் தலைப்பாகை, ஸார். அதில் தோலால் செய்த குஞ்சம் வைத்திருந்தார்கள்" என்று நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. எனக்கு அரைப் பசி அங்கேயே தீர்ந்தது.

மீதி அரைப் பசிக்கு வருவோம். போஜன சாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாசலில் சிவப்புக் காகித விளக்குகள் தொங்கின. உள்ளே சுவரில் பூஜி மலையின் படம். எங்கும் கல்லூரி மாணவர்கள். சாப்பிடுவதைவிடச் சாப்பாட்டைப் படம் பிடிப்பதில் அவர்களுக்கு ஆர்வம் அதிகம். கறுப்பு அங்கி அணிந்த ஒரு வாலிபன் எங்களிடம் வந்து தலை வணங்கினான். மாநிறம், சிறிய கண்கள், சாந்தமான முகம். என் மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஸுமிமாஸென்" என்று ஆரம்பித்து, பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டர் மனனம் செய்த வாக்கியங்களை ஒன்றன் பின் ஒன்றாக, தவறில்லாமல், மெல்லிய குரலில் சொல்லி முடித்தாள். வகுப்பறைக்கு வெளியே அவள் ஜப்பானிய பாஷை பேசியது அதுவே முதல் தடவை.

அந்த வாலிபன் ஒரு கணம் விழித்தான். பிறகு எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மன்னிக்கணும், மேடம். நான் மணிப்பூர்" என்றான். கொஞ்சம் தமிழ் வந்தது அவனுக்கு.

அவளுடைய முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தும் பாராதவன்போல் விலைப்பட்டியலில் கண்ணை ஓட்டினேன்.

முதலில் வந்தது மிஸோ சூப். அதைப் பற்றிப் புத்தகங்களில் நிறையப் படித்திருந்தேன். அந்தச் சூப்புக்கு உயிர் கொடுப்பது சூரை மீனை வேக வைத்து, புகையிட்டு, கட்டைபோல் உலர்த்தி, மெல்லிய சுருளாகச் சீவிப்போட்டு இறக்கும் சாறு. நமக்கு இது அந்நியப் பொருளே அல்ல. தூத்துக்குடிக்காரர்களும் இலங்கைக்காரர்களும் மாசி என்று சொல்லி இடித்துச் சம்பலில் போடுகிறார்களே, அதற்கும் இதற்கும் மீன் ஒன்றே. முறையும் ஏறக்குறைய ஒன்றே. தூத்துக்குடியைச் சேர்ந்த சக உபாத்தியாயர் ஒருவர் தயவால் மாசிச் சம்பலின் மகிமையை நான் அறிவேன். அந்த மீன் சாற்றுடன் கடற்பாசியையும் சேர்ப்பார்கள். கடற்பாசிச் சாற்றில் இருக்கும் ருசி இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற எதிலும் அடங்கவில்லையே என்று யோசித்த இகேடா என்ற ரசாயனப் பேராசிரியர், 1908-இல் அதன் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருஷமே அது அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்று நம் ஊர்த் தெருமுனைகளில் பிரைட் ரைஸ் கிளறும் பையன்கள் கரண்டி கரண்டியாகப் போடும் உப்பு அதுதான்.

எங்கள் முன் இருந்த கிண்ணத்தில் மாசியும் இல்லை, கடற்பாசியும் இல்லை. வெந்நீரும் உப்பும் இருந்தன. வெந்நீர் என்றதுகூட மரியாதைக்காகச் சொன்னது.

அடுத்தது சூஷி. பூர்வத்தில் இது மீனைக் கெடாமல் வைப்பதற்குக் கண்டுபிடித்த உபாயம்: சோற்றுக்குள் மீனைப் புதைத்துப் புளிக்க வைத்து, மீனை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை எறிந்துவிடுவார்களாம். சோற்றை எறிவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? பிற்காலத்தில் சோற்றையும் தின்னத் தொடங்கினார்கள். புளிப்பதற்குக் காத்திராமல் காடி கலந்துகொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று டோக்கியோ எனப்படும் யெடோ நகரத்தில், தெருவோரக் கடைகளில் நின்றபடியே வாங்கித் தின்னும் அவசர ஆகாரமாக அது ஆயிற்று. நம் பஜ்ஜி, போண்டாவின் ஜாதி. அதன் சோறு கைச்சூட்டில் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் உதிரக் கூடாது, வாயில் போட்டால் உதிர வேண்டும் என்பார்கள்.

இங்கே வந்த சோறு ஐஸ் பெட்டியிலிருந்து நேராக மேஜைக்கு வந்தது. பருக்கை பருக்கையாக விறைத்துப்போய், ஒன்றையொன்று ரப்பர்போல் பற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பனீர்த் துண்டு. அதன்மேல் வெள்ளைக் குழம்பு, சிவப்புக் குழம்பு என்று கோலம். ஒரு மூலையில் பச்சை விழுது. இரண்டு பென்சில்களைக் கொண்டு கடலைப் பருப்பைப் பொறுக்கிப் பழகியிருந்த என் மாணவி, குச்சிகளை லாகவமாகப் பிடித்து, "இத்தாதகிமாஸ்" என்று அந்நாட்டு முறைப்படி சொல்லிவிட்டு, ஒரு துண்டை வாயில் வைத்தாள். மென்றாள். வெகு நேரம் மென்றாள்.

நூடுல்ஸ் வந்தது, அது எந்தக் கடையிலும் பொட்டலமாகக் கிடைக்கும் நூடுல்ஸ். தெம்புரா வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரிடமிருந்து ஜப்பானியர் கற்றுக்கொண்ட மாவுப் பொரியல் அது. இறகுபோல் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று கேள்வி. எங்களுடையது எண்ணெயில் குளித்துக் கரையேற மறந்த காய்கறி. நான் பாதியில் குச்சிகளை வைத்துவிட்டேன். அவள் வைக்கவில்லை.

"பிடிக்காவிட்டால் விட்டுவிடேன், அம்மா" என்றேன்.

"மீதம் வைப்பது அங்கே மரியாதை இல்லையென்று வகுப்பில் சொன்னார்கள், ஸார். பழகிக்கொள்கிறேன்."

அப்படிச் சொல்லிவிட்டுப் பச்சை விழுதைச் சட்டினி என்று எண்ணித் தாராளமாகத் தொட்டுக்கொண்டாள். கண்களில் நீர் பெருகிற்று. விழுதின் காரம் அடங்கப் போதுமான நேரம் சென்ற பிறகும் அந்த நீர் நிற்கவில்லை. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கிற்று. தாயாரை விட்டு, ஊரை விட்டு, ஐந்து வருஷம் போகப் போகிற பெண்ணுக்குத் தைரியம் கொடுப்பதாக எண்ணிக்கொண்டு, அந்த ஐந்து வருஷத்தையும் ஒரே தட்டில் குளிரக் குளிரப் பரிமாறச் செய்திருக்கிறேன்!

மணிப்பூர் வாலிபன் தண்ணீர் கொண்டுவந்தான். நிலைமையைப் புரிந்துகொண்டான்போலும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இது ஜப்பான் சாப்பாடு இல்லை, மேடம். முகத்தைப் பார்த்து எனக்கு வேலை கொடுத்தார்கள். சமைக்கிறவர் முன்பு பிரைட் ரைஸ் கடையில் இருந்தவர்" என்றான். அவள் ஜப்பானுக்குப் போகப் போவதைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. லோக்தாக் ஏரியின் பக்கம் அவன் ஊர். 1944-இல் ஜப்பானியப் படையும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் அந்தப் பக்கந்தான் வந்தன. ஏப்ரல் 14-ஆம் தேதி மொய்ராங்கில் தேசிய ராணுவத்தின் கொடி ஏறிற்று. பாட்டனார் சிறுவயதில் ஜப்பானியச் சிப்பாய்களைக் கண்ணால் பார்த்திருக்கிறாராம். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்களும் உண்டு என்றேன். அது அவனுக்குப் புதிய செய்தி.

பிறகு அவனே பேசினான். 2023-ஆம் வருஷக் கலவரத்துக்குப் பின் அவன் வீட்டுக்குப் போகவில்லை. அறையில் நாலு பேர். அவன் ஊரில் ங்காரி என்று ஒரு புளித்த மீன் உண்டு. அதை மிளகாயுடன் மசித்துச் சோற்றில் பிசைந்தால்தான் சாப்பிட்டதாகத் தோன்றுமாம். வாடைக்குப் பயந்து அதை ஒரு டப்பாவில், அதற்குமேல் இன்னொரு டப்பாவில், அதற்குமேல் பையில் கட்டிக்கொண்டு ரெயிலில் வந்தானாம். "மூணு நாள் ரெயில், ஸார். யாரும் கண்டுபிடிக்கல" என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். தோலின் வாடையில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வேடிக்கை நன்றாகப் புரிந்தது.

வெளியே வந்து கோட்டை அகழியைப் பார்த்தபடி ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்கு இரண்டு வாங்கினேன். இறகுபோல் மெல்லியதாக, மொறுமொறுவென்று இருந்தது. ஜப்பானியரே கண்டிருந்தால் தெம்புரா என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

அங்கே அவளுக்கு ராஷ் பிகாரி போஸின் கதையைச் சொன்னேன். 1912-இல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சின்மீது குண்டு வீசிய சதியில் தேடப்பட்டவர். 1915-இல் தப்பி ஜப்பான் சேர்ந்தார். ஆங்கில சர்க்காரின் வற்புறுத்தலால் ஜப்பான் அவரை நாட்டைவிட்டு வெளியேறும்படி உத்தரவிட்டபோது, டோக்கியோவில் ஷின்ஜுகு பகுதியில் நாகமுராயா என்ற ரொட்டிக்கடை வைத்திருந்த சோமா தம்பதிகள் அவரைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்கள். அந்த வீட்டுப் பெண் தோஷிகோவையே அவர் 1918-இல் மணந்தார். ஏழே வருஷத்தில் அந்த அம்மாள் இறந்துபோனாள். ஜப்பானில் அப்போது கறி என்ற பெயரில் பரிமாறியது ஆங்கிலேயர் வழியாகப் போன மாவுக் குழம்பு. நாட்டை விட்டார், பெயரை மறைத்தார், உயிரைப் பணயம் வைத்தார். அந்த மாவுக் குழம்பைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை என்பார்கள். 1927-இல் நாகமுராயாவில் சிற்றுண்டிச் சாலை திறந்தபோது, நம் நாட்டு முறையில் மசாலா அரைத்த கோழிக்குழம்பும் சோறும் அங்கே பட்டியலில் ஏறின. இன்றும் அந்தக் கடை அதை விற்கிறது. 1949-இல் திருவனந்தபுரத்துக்காரரான ஏ.எம். நாயர் கின்ஸாவில் தமது போஜன சாலையைத் திறந்தார். அவரும் ராஷ் பிகாரியின் தோழர்தான்.

"அப்படியானால் அங்கே போயும் நம் சாப்பாடு கிடைக்கும்" என்றாள் அவள். பிறகு சற்றுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "ஸார், அங்கே தகப்பனார் என்ன வேலை பார்த்தார் என்று கேட்பார்களா?" என்றாள்.

இது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி அல்ல. அல்லது இதுவுந்தான் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி. 2022 மே மாதத்தில் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஏற்பாடாகி, மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் தகராறு மூண்டு, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போன கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மறைக்காமல் சொன்னேன். ஜப்பானிலும் 675-இல் சக்கரவர்த்தி தெம்மு, மாடு முதலிய சில பிராணிகளைத் தின்னக் கூடாதென்று கட்டளையிட்டார். தோல் வேலை செய்தவர்களை அந்நாட்டாரும் பல நூற்றாண்டுகள் ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். 1871-இல் அரசாங்கம் அந்த இழிவைச் சட்டத்தால் ஒழித்தது; அடுத்த வருஷம் மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி உண்டதாகப் பிரசித்தம் செய்தார்கள். அப்படியும் மிச்சம் இருந்ததால்தானே 2016-இல் மறுபடியும் ஒரு சட்டம் செய்தார்கள்? "கேட்கிறவன் எங்கும் இருப்பான். ஆனால் உன்னை அங்கே கூப்பிடுவது உன் கைகளுக்காக" என்றேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். பஜ்ஜி எண்ணெய் மினுமினுத்தது.

ஆம்பூர் வந்து சேர இரவு எட்டு மணி. கடைத்தெருவில் பிரியாணி அண்டாக்களின்மேல் தணல் கனன்றுகொண்டிருந்தது. சீரகச் சம்பாவின் மணம் பஸ் நிலையம் வரை எதிர்கொண்டு அழைத்தது. அவளை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்படலாம் என்று எண்ணினேன். தாயார் விடவில்லை.

"ஜப்பான் சாப்பாடு எப்படியடி இருந்தது?"

"நன்றாக இருந்தது, அம்மா. அரிசிச் சோறுதான். சூப், பஜ்ஜி எல்லாம் உண்டு."

தாயார் என்னைப் பார்த்தாள். உண்மையே பேசு என்று கரும்பலகையில் எழுதிப் போடும் உத்தியோகம் எனக்கு. "கத்திரிக்காய்கூட அங்கே உண்டு, அம்மா. வருஷத்தின் முதல் கனவில் கத்திரிக்காயைக் கண்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். இலையுதிர் காலத்துக் கத்திரிக்காய் அவ்வளவு ருசியாம், மருமகளுக்குக் கொடுக்காதே என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள்" என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"அங்கேயும் மாமியார்கள் இருக்கிறார்களா!" என்று அந்த அம்மாள் திருப்தியடைந்தாள். "வயிறு நிறைந்திருக்கும். ஆனாலும் ஒரு பிடி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஸார்."

சுடச்சுடச் சோறு, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் வதக்கிப் புளியும் மிளகாயும் அரைத்துவிட்ட குழம்பு. 2023-இல் இந்தக் காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். வாய் வேறு வேலையில் இருந்தது. என் மாணவி பேசவே இல்லை. ஒரு தடவை சோறு வாங்கினோம். இரண்டாம் தடவை வாங்கினோம். மூன்றாம் தடவை இருவரும் ஒரே சமயத்தில் தட்டை நீட்டினோம்.

அந்த அம்மாள் அன்னக் கரண்டியைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டியில் மிஞ்சியிருந்த குழம்பை மகளின் தட்டில் வழித்து ஊற்றினாள். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பரண்மேலிருந்த மிளகாய்ப் பொடி டப்பாவை இறக்கிக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து அளவைப் பார்த்தாள்.

"ஏரோப்பிளேனில் எத்தனை கிலோ விடுவார்கள், ஸார்?" என்று கேட்டாள்.